டிக்கெட் இல்லாத மேடை: ஆலங்குடிப் பக்கம் நாடகமும் சினிமாவும்

"சினிமா வந்தது, நாடகம் செத்தது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சென்னையையும் மதுரையையும் மட்டும் பார்த்தால் அது ஓரளவு சரிதான். ஆனால் புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆலங்குடிப் பக்கம் போய்ப் பார்த்தால் கதை வேறு. அங்கே கோயில் திருவிழா என்றால் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. கிராமத்துக்குக் கிராமம் கூடாரம் போட்டுப் படம் காட்டிய டூரிங் டாக்கீஸ்தான் காணாமல் போய்விட்டது! இது எப்படி நடந்தது?

புதுக்கோட்டை மண்ணும் நாடகமும்

1948 வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ஆலங்குடி, திருமயம், குளத்தூர் ஆகிய மூன்றும் அதன் தாலுகாக்கள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். ஆனாலும் லய நுணுக்கங்களைக் கற்றது புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம்தான். கஞ்சிரா என்றவுடன் நினைவுக்கு வரும் அதே மான்பூண்டியா பிள்ளை. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று இன்றும் ஆடப்படும் நாடகங்கள் சுவாமிகள் எழுதியவை.

அந்தக் காலத்தில் நாடகம் இரண்டு வகையாக நடந்தது. ஒன்று, கம்பெனி நாடகம். நகரத்தில் கொட்டகை பிடித்து, சீன் கட்டி, டிக்கெட் விற்று மாதக்கணக்கில் ஆடுவார்கள். பாய்ஸ் கம்பெனிகள் இந்த வகை. இன்னொன்று, ஸ்பெஷல் நாடகம். இதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர் என்று தனித்தனியே "புக்" செய்வார்கள். ஒத்திகையே இல்லாமல் அன்று இரவு மேடையில்தான் எல்லோரும் சந்திப்பார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் துணை. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இது சாத்தியமானது.

சினிமா எதை விழுங்கியது?

1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ஒரு படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். 1931 அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வெளியானது. பேசும் படத்துக்குப் பாடத் தெரிந்த ஆட்கள் வேண்டுமே, எங்கே போவது? நேரே நாடக மேடைக்குத்தான் போனார்கள். தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் மேடையில் ஆடிய பவளக்கொடி, 1934-இல் அதே ஜோடியோடு படமானது. புதுக்கோட்டையில் பிறந்து பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி.யு.சின்னப்பா, 1940-இல் உத்தம புத்திரன் படத்தில் இரட்டை வேடம் போட்டுப் பெரிய நட்சத்திரமானார்.

நடிகர்கள் போனார்கள். கொட்டகைகள் பல சினிமாத் தியேட்டர்களாக மாறின. டிக்கெட் விற்றுப் பிழைத்த கம்பெனிகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஒரே படத்தை நூறு ஊரில் ஒரே நாளில் காட்டலாம். ஒரு நடிகர் ஒரு நாளில் ஓர் ஊரில்தான் ஆட முடியும். டிக்கெட் விலைப் போட்டியில் நாடகம் எப்படி ஜெயிக்கும்?

ஆனால் ஸ்பெஷல் நாடகம் அந்தப் போட்டியிலேயே இல்லை. அதற்கு டிக்கெட் கிடையாது. தலைக்கட்டு வரி போட்டு ஊரே செலவு செய்யும், அல்லது மண்டகப்படிக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பார்ப்பவர் பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் போதும். பஸ் பிடித்து டவுனுக்குப் போக முடியாத பாட்டிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் கலை வீட்டு வாசலுக்கே வந்தது.

டூரிங் டாக்கீஸின் கதை

அதற்காக டூரிங் டாக்கீஸைக் குறைத்துச் சொல்ல முடியாது. மணல் தரை, பெஞ்ச், நாற்காலி என்று மூன்று வகுப்பு. பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற நாலைந்து இடைவேளை. நகரத்தில் ஓடி முடித்து, கோடு விழுந்த பிரிண்ட்தான் மாதக்கணக்கில் தாமதமாக வந்து சேரும். ஆனாலும் அது ஒரு பெரிய காரியம் செய்தது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்ற கருத்தைப் பேராசிரியர் கா.சிவத்தம்பி முன்வைத்தார். காசு கொடுத்தவர் உட்காரலாம், சாதி கேட்பதில்லை.

திருவிழா மேடை அப்படியா? ஊர் வரியில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற பழைய வேலிகள் அங்கே இருந்தன. டிக்கெட் இல்லை என்பதாலேயே எல்லோருக்கும் சம இடம் என்று சொல்லிவிட முடியாது. நாடகம் தூரத்தை உடைத்தது, சினிமா வேலியைக் கொஞ்சம் உடைத்தது. இரண்டுக்கும் அந்தப் பெருமை உண்டு.

மேடைக்கு இன்னொரு பலமும் உண்டு. படம் எடுத்தபின் மாறாது, நாடகம் அன்றன்று மாறும். விஸ்வநாத தாஸ் முருகன் வேடத்தில் தேசபக்திப் பாட்டுப் பாடிச் சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. சுடச்சுட அரசியலைச் சொல்ல, தணிக்கைக்குப் போகும் படத்தால் அன்று முடியவில்லை. இன்றும் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் உள்ளூர் விஷயம் எல்லாம் வந்து விழும்.

இன்று?

1990-களில் தனியார் சேனல்கள் வந்தன. 2006-க்குப் பிறகு அரசின் இலவசக் கலர் டிவி வீடு வீடாக வந்தது. டூரிங் டாக்கீஸ் ஓய்ந்தது, சிறு ஊர்த் தியேட்டர்கள் பல கல்யாண மண்டபங்களாயின. இப்போது படம் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆளுக்கு ஒரு திரை!

நாடகம் பிழைத்தது உண்மைதான். ஆனால் அதன் உயிர் திருவிழா என்ற ஒரே கயிற்றில் தொங்குகிறது. 2020-லும் 2021-லும் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றபோது, அந்த சீசனை நம்பியிருந்த கலைஞர்களுக்கு வருமானமே இல்லாமல் போனது. ஊர்ப் பணம் பாட்டுக் கச்சேரிக்குத் திரும்பினாலும் இதே கதிதான். விடிய விடியக் கைதட்டிவிட்டு, விடிந்ததும் "கூத்தாடி" என்று இளக்காரமாகச் சொல்லும் பழக்கமும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

டிக்கெட் விற்ற நாடகத்தைச் சினிமா ஜெயித்தது. டிக்கெட் இல்லாத நாடகத்தை எந்தத் திரையாலும் ஜெயிக்க முடியவில்லை. அதைத் தோற்கடிக்க முடிந்தவர்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே. அடுத்த திருவிழாவுக்கு வரி போடும்போது அந்த முடிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது.