பாம்பன் பாலம்: தொழில்துறைப் படமும் அரசு விளம்பரமும்

மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைத்து 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், தமிழ்நாட்டுத் தொழில்துறை ஒளிப்படத்துக்கு வாய்த்த அரிய கருப்பொருள். ஷெர்சர் வகைத் தூக்குப்பகுதி இரண்டாகப் பிளந்து கப்பலுக்கு வழிவிடும் காட்சியைச் சுற்றுலா விளம்பரங்களில் பார்த்துப் பழகிவிட்டோம். மேலிருந்து பார்க்கும் அந்தக் கோணம் தானாக அமைந்துவிடவில்லை. 1988இல் பக்கத்தில் உயரமான சாலைப் பாலம் திறந்த பிறகே எவரும் மேலே நின்று ரயிலையும் கடலையும் ஒருசேரப் படமெடுக்க முடிந்தது. ஓர் அரசுக் கட்டுமானம் இன்னொன்றுக்குப் பார்வைமேடை ஆயிற்று.

விளம்பரம் பெருமையைத்தானே காட்டும், அதில் ஆவணத்தைத் தேடலாமா என்று கேட்கலாம். தேடலாம். 1930களில் அமெரிக்க அரசு தன் செலவில் எடுப்பித்த ஊரகப் படங்கள் வறுமையையும் உழைப்பையும் மறைக்கவில்லை. பாம்பனிலோ, தூக்குப்பகுதியைக் கைவிசையால் திறந்த தொழிலாளர்கள் பெரும்பாலான படங்களில் வெறும் புள்ளிகள். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாலம் ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சீரானது. அந்த நாள்கணக்கு பரவிய அளவுக்கு வேலை செய்தவர்களின் முகங்கள் பரவவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் தூக்குப்பகுதி மின்விசையால் செங்குத்தாக உயர்கிறது. பழைய கையுழைப்பை இனிப் படமெடுக்க வழியில்லை.