நடுகல் சேவலும் கண்காட்சிச் சேவலும்

சேவலுக்குக் கல் நட்ட நாடு இது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்து நடுகல்லில் வாளேந்திய வீரன் இல்லை. சேவல் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. முகையூர் மேற்சேரிக்காகப் பொருது மடிந்த கோழி அது என்று கல்லெழுத்து கூறுகிறது. இந்தளூர்க் கல்லோ கீழ்ச்சேரிச் சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயரே சூட்டியிருக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை கோழிப்போரின் வெற்றிக்கெனத் தனித் துறை வகுத்தது. ஆயினும் அச்சேவல்களின் உருவ இலக்கணத்தைக் கல் நமக்குச் சொல்வதில்லை. வென்ற சேவலே நல்ல சேவல். வேறு அளவுகோல் அன்று தேவைப்படவில்லை.

அளவுகோல் மாறியது மிக அண்மையில்தான். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளை மோதவிடுவதைக் குற்றமாக்கியது. சேவற்கட்டு அதனால் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் அதன் அருகிலேயே, சண்டையில்லாத வேறொரு களமும் உருவாயிற்று. அழகுக்காக மட்டும் வளர்க்கப்படும் கிளிமூக்கு விசிறிவால் சேவல்களின் கண்காட்சிகள் திண்டுக்கல் முதலிய ஊர்களில் நடக்கின்றன. பரிசு பெற்ற சேவலின் விலை இலட்சங்களில் பேசப்படுகிறது.

நடுகற்கள் செறிந்த தருமபுரி மாவட்டத்தில், சேர்வராயன் மலையடிவாரத்துப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இத்தகைய சேவல் வளர்க்கும் ஒருவரோடு சில மாலைகள் பேசிக்கொண்டிருந்தோம். மூக்கு குட்டையாய்க் கிளியைப் போல் வளைந்திருக்க வேண்டும், கொண்டை தலையோடு ஒட்டிய சிறு பூவாக இருக்க வேண்டும், தாடி தொங்கலாகாது, வால் நீண்டு விசிறியாக விரிய வேண்டும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். இவ்விலக்கணத்தில் நம்மை வியக்க வைத்தது ஒரு முரண். சிறிய கொண்டையும் தாடியின்மையும் களத்தின் மிச்சங்கள். எதிரி கவ்விப் பிடிக்க ஏதும் இருக்கக்கூடாது என்பதற்காகத் தேர்ந்தவை. நீண்ட வாலோ களத்தில் வெறும் சுமை. போர்வீரனின் முகமும் அரசவை ஆடையும் ஒரே உடலில் வந்து சேர வேண்டும் என்கிறார்கள்.

சேர்ப்பதுதான் பெரும்பாடு. மூக்கு அமைந்தால் வால் அமைவதில்லை. வால் அமைந்தால் கண்ணின் நிறம் ஏமாற்றிவிடும். "வால் தெரியணும்னா ஒரு வருசமாவது தீனி போட்டுக் காத்திருக்கணும் சார்" என்றார் அவர். பெட்டையின் நிலை இன்னும் கடினம். சேவலுக்குரிய நெடுவால் அதற்கு முளைப்பதே இல்லை. ஆனால் மகனின் வாலில் பாதி தாய்வழி வருவது. ஆகவே ஒரு பெட்டையின் தரத்தை அதன் மகன்களைக் கொண்டே அறிய முடியும். வெள்ளை லெகான் கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டையை நெருங்கும். அசில் வகைப் பெட்டையிடமிருந்து அதில் சிறு பங்கே கிடைக்கும். வெள்ளைக்கழிச்சல் ஒருமுறை நுழைந்தால், நான்கைந்து தலைமுறைத் தேர்வு ஒரே வாரத்தில் போய்விடும்.

எனவே கிடைத்த நல்ல இரத்தத்தை வெளியே விடாமல் உடன்பிறப்புகளையே இணைசேர்க்கும் ஆசை எழுகிறது. அவ்வாறு பிறக்கும் குஞ்சின் உள்ளினச்சேர்க்கை அளவு 25 விழுக்காடு. தலைமுறைதோறும் இதையே தொடர்ந்தால் மூக்கும் வாலும் நிலைபெறக்கூடும். அதோடு கருக்கூடாத முட்டையும் நோஞ்சான் குஞ்சும் பெருகும்.

இவ்வழியில் நமக்கு முன்னே நடந்தவர்கள் ஆங்கிலேயர். அங்கே 1835, 1849ஆம் ஆண்டுச் சட்டங்கள் சேவற்போரைத் தடைசெய்தன. இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1845இல் கோழிக் கண்காட்சி நடந்தது. 1865இல் இனங்களுக்கான தர இலக்கணம் நூலாகவே வந்தது. சண்டைக்கோழியிலிருந்து அவர்கள் கண்காட்சிக்கென உருவாக்கிய 'மாடர்ன் கேம்' என்னும் இனம் நெடுங்காலும் நெடுங்கழுத்துமாய்க் கொக்கைப் போல் நிற்கும். அதன் முன்னோர் களத்தில் நின்றவை என்று சொன்னால்தான் தெரியும். நம் விசிறிவாலும் அத்திசையில்தான் செல்கிறது என்பது எம் எண்ணம்.

ஒரு வேறுபாடு உண்டு. நம் இலக்கணம் பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்கிறது. ஒரு நடுவருக்கு மூக்கு முதன்மை, மற்றொருவருக்கு வால். கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தின் பதிவேட்டில் அசில் இனத்தின் தாயகமாக ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. சேவலுக்குக் கல்லெழுத்து வெட்டிய தமிழகம் அவ்வரிசையில் இல்லை. தனியினமாகப் பதிவு பெறுவதென்றால் பல ஊர்ப் பறவைகளின் எடை, உடலளவு, முட்டைக் கணக்கு எல்லாம் திரட்டப்பட வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி நண்பர் அத்தகைய கணக்கு ஒன்றை வைத்திருக்கிறார். எந்தப் பெட்டைக்கு எந்தச் சேவல், எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் எழுதிக் கம்பியில் குத்தியிருக்கிறார். பழைய தாள்கள் சிலவற்றைக் கரையான் தின்றிருந்தது.