எதை முதலில்? – பெரியம்மையும் மலேரியாவும்

உலகின் துயரங்களை வரிசைப்படுத்த முற்படுகிற எவரும் முதலில் கையிலெடுக்கும் அளவுகோல், எது பெரிது என்பதே. உலக சுகாதார நிறுவனமும் அவ்வாறே தொடங்கியது. 1955-இல் மெக்சிகோ நகரில் கூடிய அதன் பேரவை, மலேரியாவை உலகிலிருந்தே ஒழிப்பதெனத் தீர்மானித்தது. டி.டி.டி. கையிலிருந்தது, அமெரிக்கப் பணமும் இருந்தது. ஆனால் மலேரியா மிகக் கொடிதாயிருந்த வெப்பமண்டல ஆப்பிரிக்கா, கடினம் என்று கருதப்பட்டுப் பெரும்பாலும் திட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டது. பெரிது என்ற அளவுகோல் அங்கேயே நழுவிவிட்டது எனலாம்.

பெரியம்மையை ஒழிக்கலாம் என்று 1958-இல் எழுந்து சொன்னவர் சோவியத் பிரதிநிதி விக்டர் ஷ்தானோவ். மறு ஆண்டே தீர்மானம் நிறைவேறியது, பணம்தான் வரவில்லை. 1966-இல், அடுத்த ஆண்டுக்குச் சுமார் 24 லட்சம் டாலர் ஒதுக்கும் யோசனை பேரவையில் இரண்டே வாக்குகளில் பிழைத்தது. தலைமை இயக்குநர் மார்செலினோ கண்டாவுக்கு இதில் நம்பிக்கையில்லை. மலேரியாவில் கையைச் சுட்டுக்கொண்டவரை நாம் குறைசொல்வதற்கில்லை.

அந்தச் சூடு நமக்கு அருகிலேயே பட்டது. 1963-இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டிருந்தது. மருந்தடிப்பு நின்றது, கண்காணிப்பு தளர்ந்தது. 1968-69 காலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தனர். இந்தியாவில் ஒரு லட்சமளவுக்கு இறங்கியிருந்த எண்ணிக்கை 1976-இல் 64 லட்சத்தைத் தொட்டது. கொசு டி.டி.டி.க்குப் பழகிவிட்டிருந்தது; கிருமி குளோரோகுயினுக்குப் பழகத் தொடங்கியிருந்தது.

பெரியம்மையோ ஒளியத் தெரியாத நோய். மனிதனை விட்டால் அதற்கு வேறு உயிரில் இடமில்லை. வந்தவரை முகமே காட்டிக்கொடுக்கும். (நோய் என்று சொல்லவும் கூசி, ‘அம்மை போட்டிருக்கிறது’ என்றும் கொப்புளத்தை ‘முத்து’ என்றும் சொன்னவர்கள் நாம்.) ஒருமுறை அம்மை குத்தினால் பல ஆண்டுகளுக்குக் காப்பு; உலர்த்திய மருந்து வெயிலையும் தாங்கியது.

எனினும், திருப்பத்தை உண்டாக்கியது பற்றாக்குறைதான். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபேகியிடம் ஊர் முழுவதற்கும் போதுமான மருந்து இல்லை. எனவே நோய் கண்ட வீடுகளைத் தேடி, அவற்றைச் சுற்றியிருந்தோருக்கு மட்டும் குத்தினார். பரவல் அங்கேயே அறுந்தது. எல்லோருக்கும் என்றிருந்த இலக்கு, யாருக்கு முதலில் என்ற கேள்வியாகச் சுருங்கியது. நம் பார்வையில் இந்த வரலாற்றின் உயிர்நாடி இதுவே.

இந்தியாவில் அது எளிதில் ஏற்கப்படவில்லை. 1974-இல் இங்கு ஏறத்தாழ 1,88,000 பேருக்குப் பெரியம்மை கண்டது, பீகார் நிலைகுலைந்தது. பழையபடி எல்லோருக்கும் குத்துவோம் என்ற நெருக்குதலுக்கிடையில், ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் காட்டி வீடுவீடாக விசாரித்தனர். 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் இந்தியாவின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 1977-இல் சோமாலியாவில் இயற்கைத் தொற்றின் கடைசி மனிதர். 1980-இல் ஒழிப்புப் பிரகடனம்.

இந்த வெற்றிக்கும் கறை உண்டு. மறுத்தவர்களின் கதவை உடைத்து, பிடித்து வைத்துக் குத்திய நிகழ்வுகளை வரலாற்றாய்வாளர் பால் கிரீனோ பதிவுசெய்திருக்கிறார். ஒன்றை முதலாவதாக வைத்த அவசரத்தில், யார் உடலில் என்ற கேள்வி கடைசிக்குப் போய்விட்டது.

மலேரியாவுக்கு நேர்ந்ததோ வேறு விதம். ஒழியப் போகும் நோய்க்கு ஆராய்ச்சி எதற்கு என்று, அந்த ஆண்டுகளில் அதைக் கற்போரே அருகிப்போயினர். 1969-இல் உலகளாவிய ஒழிப்பு இலக்கு கைவிடப்பட்டபோது, மாற்றுக் கருவி எதுவும் அணியமாக இல்லை. இலங்கை 2016-இல் மலேரியாவிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கென முதல் மலேரியாத் தடுப்பூசி பரிந்துரைக்கப்பட்டது 2021 அக்டோபரில்.