கம்பளிக் கணக்கு

தரம் எட்டு விஞ்ஞான பாடத்தில் இயற்கை நார்கள் பற்றிய அலகு ஒன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பருத்தி செடியிலிருந்து, பட்டு புழுவிலிருந்து, கம்பளி ஆட்டிலிருந்து என்று கரும்பலகையில் எழுதி முடித்தபோது, பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள்.

"கம்பளி ஆட்டுல இருந்தா சேர் வருது? அது தோட்டத்துல குடுக்கிறதுன்னுதான் எங்க அப்பாயி சொல்லுவாங்க."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பாடசாலை விட்டு வீடு திரும்பும் வழியில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பாயி சொன்னது பிழையல்ல. இந்த மலையில் கம்பளி ஆட்டின் முதுகிலிருந்து வந்ததைவிடக் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்ததுதான் அதிகம். அந்தக் கணக்கைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

எமது ஊர் மடுல்கெல்ல. தோட்டத்து மக்கள் வாயில் அது மடுல்கலை. கண்டியிலிருந்து மடவளை, வத்தேகம, பன்வில வழியாக ஏறிவரும் பாதை, தும்பறை மலைத்தொடரின் சரிவில் எம்மைக் கொண்டுவந்து விடுகிறது. நக்கிள்ஸ் என்று வெள்ளைக்காரர் பெயரிட்ட அந்த மலைகள் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. இரண்டு பருவக்காற்றுகளின் மழையும் இங்கு விழும். மார்கழி, தை மாதங்களில் மூடுபனி வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட குளிர் நாட்டில் கம்பளி உற்பத்தி இருந்ததா என்று தேடினால், இல்லை. இலங்கையின் செம்மறி என்றால் பெரும்பாலும் வரண்ட வடக்கின் யாழ்ப்பாணச் செம்மறிதான். அதன் உடலில் இருப்பது முடியே தவிர, நூற்கத்தக்க கம்பளி உரோமம் அல்ல. எமது மாவட்டத்திலும் நெசவு உண்டு. குண்டசாலைப் பக்கத்து ஹேனவல கிராமத்தில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். ஆனால் அது ஹன எனும் கற்றாழை வகைச் செடியின் நார். ஆகவே கண்டி மலைக்குக் கம்பளி வந்தது என்றால், அது கடல் கடந்துதான் வந்தது. அதைப் போர்த்தியவர்களைப் போலவே.

முதலில் கம்பளி என்றால் என்னவென்று பார்ப்போம். அது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. எமது தலைமுடியும் நகமும் அதே புரதம்தான். ஆனால் கம்பளி இழை நேராக இராது, நெளிநெளியாக இருக்கும். அந்த நெளிவுகளுக்கிடையில் காற்று அடைபட்டு நிற்கும். குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுத்தான். இழையின் மேற்பரப்பில் மீன் செதிலைப் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் கசக்கலும் சேரும்போது அவை ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். கம்பளி சுருங்கித் தடிப்பது இதனால்தான். தன் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீராவியை உறிஞ்சிய பின்னும் அது தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடும். ஆட்டின் தோலிலிருந்து ஊறும் லனோலின் எனும் கொழுப்பு இழையில் மிஞ்சியிருந்தால் மழைத்துளி வழிந்தோடும். தீப்பொறி பட்டாலும் அது பற்றியெரியாது, கருகி அணைந்துவிடும். விறகடுப்பும் ஒழுகும் கூரையுமாக இருந்த ஒரு லயத்துக் காம்பராவுக்கு இதைவிடப் பொருத்தமான துணியை எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

தென்னிந்தியாவில் கம்பளி நெய்தவர்கள் குறும்பர்கள். கன்னட நாட்டில் குருபர் என்பர். ஆடு மேய்ப்பதும் கம்பளி நெய்வதும் அவர்களுடைய இரட்டைத் தொழில். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் எட்கர் தர்ஸ்டன் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுச் செம்மறிகளில் இராமநாதபுரம் வெள்ளை, மேச்சேரி, வேம்பூர் போன்றவை முடியாடுகள். கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சிக் கருங்குறும்பை, நீலகிரி ஆகியவையே உரோம ஆடுகள். கருங்குறும்பையின் உரோமம் கறுப்பு, சாயம் தேவையில்லை.

ஆட்டைக் குளிப்பாட்டிக் காயவிட்டு, ஆண்டுக்கு இருமுறை கத்தரியால் உரோமம் கத்தரிப்பார்கள். முள்ளும் புழுதியும் நீக்கி, வில்லின் நாணை உரோமக் குவியலில் அதிரவிட்டுப் பஞ்சாகப் பிரிப்பார்கள். பெண்கள் அதைத் தக்களியிலோ இராட்டையிலோ நூற்பார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை தடவி விறைப்பேற்றுவார்கள். பின்னர் குழித்தறியில் நெசவு. ஒடுக்கமாக நெய்த துண்டுகளை இணைத்துத் தைத்தால் கம்பளி. சொரசொரப்பானதுதான், கழுத்தை அறுக்கும். ஆனால் மழையில் நின்று பிடிக்கும்.

இந்த இடத்தில் எமது வாசகர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கம்பளிக்கு அறபியில் ஸூஃப் என்று பெயர். முரட்டுக் கம்பளி உடுத்தி உலக ஆசையைத் துறந்தவர்களுக்கு ஸூஃபி என்ற பெயர் அதிலிருந்தே வந்தது என்பது அறிஞர் பலரும் ஏற்கும் விளக்கம். 922இல் பக்தாதில் மரண தண்டனைக்குள்ளான மன்சூர் ஹல்லாஜின் பெயரில் உள்ள ஹல்லாஜ் என்ற சொல்லுக்கும் வில்லால் பஞ்சு கொட்டுபவர் என்றே பொருள். எமது மரபில் கம்பளி, ஏழ்மையைத் தாமே விரும்பி ஏற்றவர்களின் உடை. மடுல்கெல்லவில் கம்பளி போர்த்தியவர்களோ அதை விரும்பி ஏற்றவர்கள் அல்லர்.

1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கருகில் கோப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். 1840களில் கோப்பி மோகம் கண்டி மலைகளெங்கும் பரவியது. தும்பறைச் சரிவுகளும் காடழிந்து கோப்பியாயின. அதற்கு வேண்டிய ஆட்கள் திருச்சி, மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் என்று தமிழகத்தின் வரண்ட சமவெளிகளிலிருந்து வந்தார்கள். பாம்பன் கடந்து, படகில் மன்னார்க் கரையேறி, காடுகளினூடாக மாத்தளை வரை நடந்தார்கள். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல், மாத்தளைக்கு 1880இல். பாம்பன் பாலம் திறந்தது 1914இல். அதற்கு முன் வந்தவர்களுக்குக் கால்தான் ரயில். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பிழைத்து மலையேறியவர்களை எதிர்கொண்டது, அவர்கள் வாழ்நாளில் கண்டிராத குளிர். ஒரு வேட்டியோடு வந்தவனுக்கு முதல் தேவை கம்பளி.

அந்தக் கம்பளி கொடுக்கப்பட்டது. ஆனால் இனாமாக அல்ல. செக்ரோலில் பெயர் பதிந்ததும் அவன் கணக்கில் பற்று ஏறத் தொடங்கும். பயணச் செலவு, கங்காணி கொடுத்த முற்பணம், அரிசி, கம்பளி. முதல் நாள் பெரட்டுக்கு நிற்குமுன்பே அவன் கடன்காரன். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கியது. இரண்டே பத்தாண்டுகளில் கோப்பி அழிந்து, அந்த இடத்தில் 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை வந்தது. பயிர் மாறியது, கணக்கு மாறவில்லை. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டை அடுத்த தோட்டம் அடைத்தால்தான் அவன் இடம் மாறலாம் என்ற துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டம் 1927இல் வந்தது. அதன் பின்னரும் கம்பளிக்கான கழிவு சம்பளத்தில் நெடுங்காலம் நின்றது.

மனிதர்கள் ஆயினும் அந்தக் கம்பளியைத் தமதாக்கிக்கொண்டார்கள். நாலாக மடித்துத் தலையில் வைத்தால் கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியை அறுக்காது. ஒரு மூலையை உள்ளே மடித்துக் கவிழ்த்தால் கொங்காணி, மழைக்குக் குடை. இரவில் பாய், போர்வை இரண்டும் அதுவே. பிள்ளை பெற்றவளின் சூடு அது. நோயாளியைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்க இரண்டு கம்பும் ஒரு கம்பளியும் போதும்.

கம்பளியும் காலத்துக்குக் காலம் மாறியது. இங்கிலாந்தின் பட்லி நகரில் 1813இல் பெஞ்சமின் லோ என்பவர் பழைய கம்பளிக் கந்தல்களைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் முறையைக் கண்டார். ஷொடி என்பது அதன் பெயர். மலிவான போர்வைகளின் காலம் அங்கிருந்து தொடங்கிற்று. இந்தியாவில் பானிபட் நகரம் பின்னாளில் இத்தொழிலுக்குப் பேர்போனது. 1950களின் பின் அக்ரிலிக் போன்ற செயற்கை இழைகளும் சேர்ந்தன. பெயர் மட்டும் கம்பளியாகவே நீடித்தது.

இனி என் வீட்டுக் கதை. மர்ஹூம் வாப்பா இந்தப் பஸாரில் சில்லறைக் கடை வைத்திருந்தார். அரிசி, கருவாடு, புடைவை, கம்பளி எல்லாம் அங்கே. தோட்டத்து மக்கள் அவரை நானா என்பார்கள். தீபாவளிக்குப் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும், பெருநாளைக்கு வட்டிலப்பம் லயத்துக்குப் போகும். இந்த உறவைப் பற்றி எங்கள் பேனாக்கள் நிறைய எழுதியிருக்கின்றன. நானும் எழுதியிருக்கிறேன். அவற்றில் பொய்யில்லை. ஆனால் வாப்பா மௌத்தான பின் பரணில் கிடந்த பற்றுக் கொப்பிகளை இறக்கிப் பார்த்தபோது, எழுதாமல் விட்ட பக்கமும் தெரிந்தது. கம்பளிக்குக் காசுக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. கடனுக்கு எடுத்தவர்களின் பட்டியல்தான் நீளம்.

வாப்பாவைக் குற்றவாளியாக்க நான் இதை எழுதவில்லை. கண்டியில் அவரும் கடனுக்கே சரக்கெடுத்தார். தோட்டத்தில் கழிவு, கடையில் பற்று. இரண்டுக்கும் இடையில் நின்றவன் தொழிலாளி என்பதைத்தான் சொல்கிறேன். 1970களின் கொப்பிகளில் இன்னொன்றும் கண்டேன். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. தலைமன்னார்க் கப்பல் 1984 வரை ஓடியது. வாப்பாவின் கொப்பியில் சில பெயர்களுக்கு நேரே "கப்பல்" என்ற ஒற்றைச் சொல். அதன் கீழே ஒரு கோடு. பாக்கித் தொகை அப்படியே நிற்கிறது. அவர் அதை எவரிடமும் கேட்கவில்லை. அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். மறுபடியும் குளிர், மறுபடியும் கம்பளி.

கேள்வி கேட்ட மாணவி அடுத்த வாரம் அப்பாயியின் கம்பளியைக் கொண்டுவந்தாள். ஓரம் பிய்ந்து, புகை மணத்தோடு இருந்தது. நார்களை இனங்காணும் எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு நூலைப் பிரித்து இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். சில இழைகள் முடி கருகும் மணத்தோடு சுருண்டு, விரலால் நசுக்கினால் தூளாகும் சாம்பலாயின. மற்றவை உருகிக் கறுத்து, கடினமான மணிகளாய் இறுகின.

"இது கம்பளியா சேர், இல்லையா?" என்றாள் அந்தப் பிள்ளை.

"கொஞ்சம் கம்பளி" என்றேன்.

"முழுசுக்குந்தானே காசு குடுத்தாங்க?"

அப்பாயி அதைத் தோட்டத்தில் வாங்கவில்லையாம், கடையில் எடுத்ததாம். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. அக்காலத்தில் இந்தப் பஸாரில் கம்பளி விற்ற கடைகள் மூன்றே.

இப்போது மலையில் கம்பளி அருகிவிட்டது. மழைக்கு இறப்பர் சீட்டும் பொலித்தீனும் வந்துவிட்டன. அந்தச் சொரசொரத்த துணியைக் கண்டிராத தலைமுறை என் வகுப்பில் இருக்கிறது. தோட்டக் கணக்குகள் கம்பனிகளோடும், 1970களின் தேசியமயத்தோடும், 1992இன் தனியார்மயத்தோடும் எங்கெங்கோ சிதறிப்போயின. எஞ்சியிருப்பவற்றுள் எமது கடைகளின் பற்றுக் கொப்பிகளும் அடங்கும். மடவளையிலும் அக்குறணையிலும் வத்தேகமவிலும் பரண்களில் அவை கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கலாம். எமது பாட்டன்மார் அவற்றில் எழுதியது வெறும் வியாபாரம் அல்ல. வேறெவரும் பெயர் சொல்லி எழுதாத மனிதர்களின் பெயர்கள் அவற்றில் உண்டு. இன்னார், இன்ன தோட்டம், இன்ன திகதி, கம்பளி ஒன்று.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வீடு துப்புரவாக்கும்போது அந்தக் கொப்பிகளை எரித்துவிடாதீர்கள். அவற்றில் எமக்குப் பெருமை தராத பக்கங்களும் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். வாப்பாவின் கொப்பிகளை நான் உறையிட்டுப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறேன். அந்த மாணவி வந்து தன் அப்பாயியின் பெயரைத் தேடுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் தேடும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.