சத்தம் நின்றால் ஆபத்து! - ஆல்ப்ஸ் மலை வாய்க்கால்களின் கதை

சுவிட்சர்லாந்து என்றதும் பனியும் பசும்புல்லும் கொழுத்த மாடுகளும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த நாட்டிலும் தண்ணீருக்குத் திண்டாடிய விவசாயிகள் உண்டு என்றால் நம்புவீர்களா?

தென்மேற்கில் உள்ள வலே மாநிலம் அப்படிப்பட்ட இடம். இருபுறமும் நிற்கும் உயரமான மலைகள் மழை மேகங்களைத் தடுத்து விடுகின்றன. ரோன் நதிக்கரையில் இருக்கும் சியோன் நகரில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். கோடையில் புல் காய்ந்து விட்டால், குளிர்காலத்தில் மாடுகளுக்குத் தீவனம் கிடையாது. மாடு இல்லாவிட்டால் குடும்பமே பட்டினி.

ஆனால் மலை உச்சியில் பனிப்பாறைகள் இருக்கின்றன. வெயில் ஏற ஏற அவை உருகும். அதாவது, வயலுக்குத் தண்ணீர் தேவைப்படும் அதே மாதங்களில்தான் மேலே தண்ணீரும் அதிகம்! அதைக் கீழே கொண்டுவர இடைக்காலத்திலேயே மக்கள் மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டினார்கள். பிரெஞ்சு பேசுபவர்கள் இதை 'பீஸ்' என்பார்கள். சாவியேஸ் என்ற ஊரின் 'தோரான் நெஃப்' வாய்க்கால் 1430-ல் தொடங்கி 1448-ல் முடிந்தது. செங்குத்தான பாறை வந்த இடங்களில், பாறையில் துளை போட்டு உத்திரம் சொருகி, அதன்மேல் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டார்கள். வேலையின்போது கால் தவறினால் அதோடு சரி.

வெட்டியது ஒரு சாதனை என்றால், அதைக் காப்பாற்றியது அதைவிடப் பெரிய சாதனை. பனிச்சரிவு, உருண்டு வரும் பாறை, மழையில் சரியும் மண், முறிந்த மரக்கிளை... எது வேண்டுமானாலும் வாய்க்காலை அடைக்கலாம். அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் வராது என்பது பாதிப் பிரச்சினைதான். தேங்கிய தண்ணீர் கரையை மீறி வழியும், சரிவை அரிக்கும், ஊறிப்போன மண் மொத்தமாகக் கீழே இறங்கும். மண்சரிவால் அடைபட்ட வாய்க்காலே அடுத்த மண்சரிவை உண்டாக்கி விடும்! அதனால்தான் ஆங்காங்கே மடைகள் வைத்தார்கள். ஆபத்து என்றால் மடையைத் திறந்து, தண்ணீரை அருகிலுள்ள ஓடையில் தள்ளி விடலாம்.

சரி, நடுராத்திரியில் ஆள் நடமாட்டமே இல்லாத மலையில் அடைப்பு விழுந்தால் எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதற்கும் ஒரு வழி இருந்தது. வாய்க்காலில் ஒரு சிறிய நீர்ச்சக்கரம். அது சுற்றும்போது ஒரு மரச் சுத்தியலைத் தூக்கித் தூக்கிப் பலகையில் அடிக்கும். டொக்... டொக்... டொக்... காவலர் தன் குடிசையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்குவார். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார். தண்ணீர் எங்கோ தடைபட்டு விட்டது என்று அர்த்தம். உடனே அடைப்பைத் தேடிக் கிளம்புவார்.

காவலர் ஒருவரால் மட்டும் முடிகிற காரியமா இது? வாய்க்கால், பங்குதாரர்கள் சேர்ந்த ஒரு சங்கத்துக்குச் சொந்தம். கிட்டத்தட்ட ஒரு கம்பெனி மாதிரி. ஆனால் இங்கே லாபப் பங்கு பணமாக வராது, தண்ணீர் முறையாக வரும். யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதை மரக்கட்டையில் கோடு செதுக்கிக் கணக்கு வைத்தார்கள். வசந்த காலத்தில் பனி விலகியதும் பங்குதாரர்கள் மண்வெட்டியோடு வந்து கல்லையும் சேற்றையும் அள்ள வேண்டும், உடைந்த பலகையை மாற்ற வேண்டும். தண்ணீரில் பங்கு உண்டு என்றால் உழைப்பிலும் பங்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. இளைஞர்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள். உயிரைப் பணயம் வைக்கும் பாறைப் பகுதிகளுக்குப் பதிலாகச் சுரங்கங்கள் வந்தன. தோரான் நெஃப் தண்ணீரும் 1935 முதல் பிராபே மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக ஓடத் தொடங்கியது. யாரும் உயிரை விட வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் பல இடங்களில் பழைய வாய்க்கால்கள் கவனிப்பாரற்றுப் போயின. கைவிட்ட வாய்க்கால் சும்மா இருப்பதில்லை. மழைநீரைச் சேர்த்துக்கொண்டு போய், உடைந்த இடத்தில் மொத்தமாகக் கொட்டும்.

2023-ல் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய நாடுகளின் பாரம்பரியப் பாசன முறையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கட்டுமானத்துக்கான பட்டியல் அல்ல அது. மக்களின் அறிவுக்கும் கூட்டு உழைப்புக்கும் கிடைத்த அங்கீகாரம்.

அதே வலே மாநிலத்தில் 2025 மே 28 அன்று பனிப்பாறையும் மலைப்பாறையும் சரிந்து பிளாட்டன் கிராமத்தைப் புதைத்தன. ஒருவர் உயிரிழந்தார். ஆனால் மலையின் அசைவை முன்கூட்டியே கவனித்ததால், ஏறக்குறைய 300 கிராமவாசிகள் பல நாட்களுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அன்று சுத்தியல் சத்தம், இன்று அளவீட்டுக் கருவிகள். கருவி எதுவானாலும் அதைக் கவனிக்க ஒருவர் வேண்டும், அவர் சொன்னதும் எழுந்து போக ஊர் வேண்டும்.