மைக்ரோ ஆர்.என்.ஏ.

பெயர்ச்சொல். செல்லுக்குள் மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூறு. ‘நுண் ஆர்.என்.ஏ.’ என்றும் எழுதுவர்.

‘மிக்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் ‘சிறியது’ என்று பொருள். சுமார் 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ளதால் இப்பெயர். விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவரின் குழுக்களும் 1993-இல் ஓர் உருளைப்புழுவை ஆராய்ந்து இதை முதன்முதலில் விளக்கின. பெயர் நிலைபெற்றது 2001-இல். இருவருக்கும் நோபல் பரிசு 2024-இல்.

இது புரதமாக மாறுவதில்லை. மரபணுவின் செய்தியைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாகாமல் தடுக்கும். அல்லது அந்தத் தூதையே சிதைக்கும்.

மார்பகப் புற்றுநோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு குலைகிறது. பல கட்டிகளில் ‘மிர்-21’ என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகுந்து, கட்டியை அடக்கும் ‘பி.டென்’ மரபணுவை ஒடுக்குகிறது. ‘மிர்-200’ குடும்பம் குறைந்தாலோ, செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. நோய் பரவ வழி பிறக்கிறது.

மரபணுவில் பிழையே இல்லாதபோதும் அதன் குரல் அடங்கிப்போகலாம் என்று உணர்த்திய சொல் இது. புற்றுநோயைப் பற்றிப் பேசும் தமிழில் இது தாராளமாகப் புழங்க வேண்டும்.