தலைமையாசிரியர் கழகங்களும் தேர்வுரிமையும்

மரக்காணம் உப்பளங்களில் மழை ஓய்ந்தபின் பாத்திகள் சீர்செய்யப்படுகின்றன. கோடை முதிர முதிர உப்பு வாரும் வேலையும் மும்முரமாகிறது. பள்ளிகளின் ஆண்டுத் தேர்வும் அக்காலத்தில்தான் வருகிறது. உப்பளத் தொழிலாளியின் பிள்ளையை அந்நாள்களில் வகுப்பில் இருத்துவது அரசாணைக்கு அரிது. வீடறிந்து பேசும் தலைமையாசிரியருக்கு எளிது. ஆதலால், கூனிமேடு போன்ற முஸ்லிம் ஊர்களையும் தன்னகத்தே கொண்ட இக்கரைக்கு, ‘தலைமையாசிரியரைத் தேர்பவர் யார்?’ என்பது வெறும் ஏட்டு வினாவன்று. தலைமையாசிரியர் சங்கங்களின் வரலாற்றை நாம் இவ்வினாவின் வழியே நோக்க விழைகின்றோம்.

இங்கிலாந்தில் 1869ஆம் ஆண்டு அறக்கட்டளைப் பள்ளிகளை அரசு ஒழுங்குபடுத்த முனைந்தபோது, அப்பிங்ஹம் பள்ளியின் தலைமையாசிரியர் எட்வர்ட் திரிங் தம்மை ஒத்தோரை அங்கு அழைத்தார். தலைமையாசிரியர் மாநாடு என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்தது. அரசின் கை பள்ளிக்குள் நீளாமல் காப்பதே அவர்தம் முதற்கவலை. 1939இல் சிம்லாவில் உருவான இந்தியப் பப்ளிக் பள்ளிகள் மாநாடும் அவ்வழி வந்ததே. வசதி படைத்தோர் பள்ளிகளின் முதல்வர்கள் கூடிய அவைகள் இவை. ஊதியமும் பதவி உயர்வும் அங்குப் பெரும்பொருளாகவில்லை.

தமிழகத்தில் நிலை வேறு. இங்குத் தலைமையாசிரியர் பெரும்பாலும் அரசின் ஊதியம் பெறுபவர். தம் கீழ்ப் பணியாற்றுவோரைப் போலவே தாமும் ஓர் ஊழியர். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் என்னும் புதுப்பதவியும் வந்தது. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களும் முதுகலை ஆசிரியர்களும் அதற்கு உரிமை கோரினர். தமிழ்நாடு உயர்நிலை மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கழகம் ஒருபுறமும் முதுகலை ஆசிரியர் அமைப்புகள் மறுபுறமும் தத்தம் பங்கை வலியுறுத்தியமைக்கு வேர் இங்கே உள்ளது. சட்ட மேலவையில் ஆசிரியர் தொகுதிகள் இருந்தவரை இடைநிலைக்குக் குறையாத பள்ளிகளின் ஆசிரியர்க்கு அங்கு ஒரு குரல் இருந்தது. 1986இல் மேலவையே நீக்கப்பட்டது. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்க்கோ அவ்வாக்குரிமை முன்னரும் இருந்ததில்லை!

சங்கங்கள் பொதுவாகப் பணிமூப்பையே பற்றி நின்றன. அதில் நியாயம் உண்டு. தாளாளரின் உறவினர் உயர, உழைத்தவர் ஒதுக்கப்பட்ட காலத்தை ஆசிரியர் உலகம் மறக்கவில்லை. ஆயினும் தனியார் பள்ளிகளுக்கான 1974ஆம் ஆண்டு விதிகள் தகுதியையும் திறமையையும் முன்வைத்தன. அவை ஏறக்குறையச் சமமாக இருந்தால் மட்டுமே மூப்பு கருதப்படும் என்றன. விதி இவ்வாறிருக்க, வழக்கம் மூப்பின் பக்கமே சாய்ந்தது எனலாம்.

இவ்விடத்தில்தான் சிறுபான்மைப் பள்ளிகளின் உரிமை குறுக்கிடுகிறது. கேரளத்தின் எம்ஜே உயர்நிலைப் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் தலைமைப் பதவியைத் தமக்குரியதென்று வழக்காடினார். 1998இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பள்ளியின் தரமும் ஒழுங்கும் தலைமையாசிரியரைச் சார்ந்தவை. எனவே அவரைத் தேர்வது அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு தரும் நிருவாக உரிமையின் முதன்மைக் கூறு என்றது. தகுதியுடையவரைப் பள்ளிக்குள்ளிருந்தோ வெளியிலிருந்தோ நிருவாகம் தேரலாம்.

இத்தீர்ப்பு நம் சமுதாயத்துக்குக் கிடைத்த வலிய கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவி எக்கையில் இருக்கிறது? நல்லவரைத் தேட அளிக்கப்பட்ட உரிமையை வேண்டியவரை அமர்த்தப் பயன்படுத்தினால், பணிமூப்பைக் கேட்கும் சங்கத்தின் வாதமே வலுப்பெறும். காரணம் கூறித் தேரும் நிருவாகக் குழு சங்கத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு மற்றொரு வாயிலைத் திறந்தது. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினாலன்றிப் பதவி உயர்வு இல்லை என்று அது கூறியது. ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர் தேறாமலே பணியில் தொடரலாம். உயர்வு பெற முடியாது. பணிமூப்பு மட்டும் தலைமைப் பதவிக்குப் போதாதென்று இதனால் ஆயிற்று. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்னும் வினாவை அவ்வமர்வு தானே முடிக்காமல், பெரிய அமர்வின் ஆய்வுக்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பியது.